குளிர்ந்த எஞ்சின்

அக்டோபர் 6

என் அருமை வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் அம்மாவும் நலமா? அம்மாவின் கண்ணில் நீர் வடிவது நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். கழுத்து மட்டும் ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருப்பதாக அம்மாவிடம் சொல்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மூச்சு விட்டால் புகை வருகிறது. ரூமில் என்னோடு இருக்கும் இரண்டு பேரும் தங்கமானவர்கள். ஒருவன் குறட்டை விடுவான், மற்றவன் தூக்கத்திலேயே அதற்குப் பதில் சொல்வான். நடுவில் நான்.

இதுவரை எழுதியது அம்மாவுக்குப் படித்துக் காட்ட. இனிமேல் வருவது உனக்கு மட்டும்.

பெரியவருக்கு உடம்பு சரியில்லை. நம் காருக்கு அப்பா வைத்த பெயர் இங்கே டாக்சி ஸ்டாண்டிலும் ஒட்டிக்கொண்டது. "பெரியவர் வந்துட்டாரு, வழி விடுங்கப்பா" என்று கேலி செய்கிறார்கள். அந்தப் பெரியவர் ஒரு வாரமாகக் காலையில் முதல் ஸ்டார்ட் போட்டதும் உள்ளேயிருந்து தட்டுகிறார். டொக், டொக், டொக். கதவுக்கு வெளியே கடன்காரன் நிற்கிற மாதிரி. பகலில் அவ்வளவாகக் கேட்பதில்லை.

நீ அத்தையின் பட்டறையில் தினமும் எஞ்சின்களைப் பிரித்துக் கழுவுகிறவள். உனக்குப் புரியும் என்றுதான் எழுதுகிறேன். பதிலை வழக்கம்போல் பெட்ரோல் பங்க் விலாசத்துக்கே போடு. எங்கள் மாடிக்குத் தபால்காரர் ஏற மாட்டார்.

உன் அண்ணன்


அக்டோபர் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் கண் இப்போது பரவாயில்லை. உன் கழுத்துக்கு அம்மா கேட்டது: "தலகாணி உயரமா இருக்கா, இல்ல தலகாணியே இல்லையா?" பதில் எழுது, தினமும் கேட்கிறார்.

உன் கடிதம் வந்த அன்று பட்டறையில் அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏன்டி, ஸ்கூல்ல பேரு கூப்பிட்டா 'உள்ளேன்'னு சொல்ல வாய் வராம நின்ன பொண்ணு நீ. இப்ப எஞ்சின் பேசறதுக்கு நீ அர்த்தம் சொல்லப் போறியா?" என்றார். எஞ்சின் என்னைக் கேள்வி கேட்பதில்லை. அதனால்தான் இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது.

நீ எழுதியது போதாது, அண்ணா. தட்டுகிற சத்தம் எல்லாம் ஒன்றல்ல. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தட்டி, சூடானதும் நின்றுவிட்டால், அது பிஸ்டன். தேய்ந்துபோன பிஸ்டன் சட்டை பெரிதாகிவிட்ட ஆள் மாதிரி உள்ளே ஆடும். சூட்டில் விரிந்ததும் சட்டை சரியாகிவிடும். அதனால் ஆபத்து இல்லை, ரொம்ப நாள் ஓடும். சூடான பிறகும் தட்டினால், இல்லை சூட்டில் கூடினால், அது பிஸ்டனைத் தாங்குகிற ராடின் அடியில் இருக்கும் பேரிங். அது கெட்டால் எஞ்சின் ஒரு நாள் ஓட்டத்திலேயே உடைந்து வெளியே வரும். அப்படி வந்த ஒரு எஞ்சினைப் போன மாதம் கழுவினேன். பக்கத்தில் என் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

அதனால் இரண்டில் எது என்று சொல். குளிர்ந்த எஞ்சினிலா, சூட்டிலா?

இன்னொன்று. அம்மா உன் ரூம் ஜன்னலுக்குத் திரை தைக்க ஆசைப்படுகிறார். அளவு கேட்கிறார்.

உன் தங்கை


அக்டோபர் 27

வாயாடிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். தலையணை இருக்கிறது, நல்ல தலையணை. சண்டை கழுத்தோடுதான்.

நான் முன்பே எழுதினேனே, காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் சத்தம். கொஞ்ச நேரம் ஓடினால் குறைந்துவிடுகிறது. பிறகு ரோட்டுச் சத்தம், ஹாரன், ஏறுகிறவர்களின் பேச்சு. பெரியவர் குரல் அதில் எங்கே கேட்கும்? நேற்று ஒருவர் ஏறி உட்கார்ந்ததும், "இது ஓடுமா, இல்ல நான் தள்ளணுமா?" என்றார். "எறங்கும்போது சொல்றேன் சார்" என்றேன். சிரித்துவிட்டார்.

அத்தை சிரித்தாரா? சிரிக்கட்டும். நான் கிளம்பிய அன்று எல்லோர் முன்னாலும் "டயர் தேயறதுக்கு முன்னாடி திரும்பி வந்துருவான் பாருங்க" என்றாரே. திரும்பி வந்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருவேன் என்று அன்றைக்கே சொன்னேன். அது மாறாது.

திரைக்கு அளவு: அகலம் மூன்று முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, உயரம் ஒரு முழம்.

அண்ணன்


நவம்பர் 5

அன்பு அண்ணாவுக்கு,

அனைவரும் சுகம். இங்கே இன்னும் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியவில்லை. நீ மூச்சில் புகை விடுவதாகப் படித்ததும் அம்மா உனக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டார்.

நல்ல செய்தி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் தட்டி, ஓடினால் குறைகிறது என்றால் அது பிஸ்டன்தான். ராத்திரி முழுக்க நின்று ஜில்லென்று ஆன எஞ்சின் அப்படித்தான் முனகும். சளி பிடித்த ஆள் காலையில் எழுந்ததும் இருமுவதைப் போல. அடுத்த முறை ஆயில் மாற்றும்போது கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்று. கவலைப்படாதே. அத்தையிடமும் கேட்டேன், அதாவது நான் சொல்லச் சொல்ல பக்கத்திலிருந்த பிட்டர் அத்தையிடம் கேட்டார். அத்தையும் பிஸ்டன் என்றே சொன்னார்.

உன் ஜன்னல் அளவைப் படித்ததும் அம்மா முழம் போட்டுப் பார்த்தார். "இதென்னடி ஜன்னலா, தபால் பெட்டி வாயா?" என்றார். ஆனாலும் நீலத் துணி எடுத்துத் தைத்துவிட்டார். அதைத் தபாலில் அனுப்ப மாட்டாராம். அடுத்த மாதம் தானே கொண்டுவந்து மாட்டிவிட்டு, உன்னோடு சில நாள் இருந்துவிட்டு வருவாராம். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது.

நீ சந்தோஷப்படுவாய் என்று நினைக்கிறேன்.

தங்கை


டிசம்பர் 2

வாயாடி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் எழுந்தால் தலை இடிக்கிறது, அவ்வளவுதான். வெளியே இறங்கி இரண்டு நடை நடந்தால் சரியாகிவிடுகிறது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அம்மாவை இப்போது அனுப்ப வேண்டாம். ரூம்காரன் ஒருவனுடைய மாமனும் மாமியும் வந்து தங்கியிருக்கிறார்கள். கால் வைக்க இடமில்லை. அம்மா வருத்தப்படாமல் நீதான் எப்படியாவது சொல்ல வேண்டும்.

நீ சொன்னபடி கெட்டி ஆயில் ஊற்றினேன். முதல் சில நாள் நன்றாக இருந்தது. இப்போது மோசம். மேடு ஏறும்போதும் தட்டுகிறது. சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு மினுக்கு மினுக்கென்று எரிகிறது. ஒரு பிளக்கைக் கழற்றித் துணியில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆயில் குச்சியை ஒரு காகிதத்தில் துடைத்து அதையும் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல். இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "வண்டிய ஒரு வாரம் விட்டுட்டுப் போ" என்றார். அது மட்டும் முடியாது. விடாமல் எப்படிச் சரிசெய்வது என்று சொல்.

அண்ணன்


டிசம்பர் 12

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். தலைவலிக்கு என்ன செய்கிறாய் என்று எழுதவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் பெட்டியைப் பரணில் திரும்ப ஏற்றவும் இல்லை. கூடத்திலேயே இருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் ஸ்வெட்டர் பின்னுகிறார்.

பிளக் வந்தது. அடுப்புக்கரி மாதிரி கறுப்பு, விரல் வைத்தால் ஒட்டுகிறது. நன்றாக ஓடும் வண்டியின் பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்கும். நீ அனுப்பிய காகிதத்தை விரித்ததும் பெட்ரோல் வாசனை வந்தது. ஆயில் தண்ணீராக இருக்கிறது. பெட்ரோல் சரியாக எரியாமல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. அந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. இங்கிருந்து போன பிறகு வண்டி ஓடிய தூரத்தை நீ முன்பு எழுதியிருந்தாய். அந்தத் தூரத்துக்கு இந்த ஆயிலும் இந்தப் பிளக்கும் பொருந்தவில்லை. அப்பா அதைப்போல இரண்டு மடங்கு ஓட்டிய பிறகும் ஆயில் இப்படி ஆனதில்லை. சக்கரம் உருளாமல் எஞ்சின் மட்டும் ரொம்ப நேரம் ஓடினால்தான் இப்படி ஆகும். எங்கே அப்படி ஓடுகிறது?

இரண்டு சோதனை செய். எஞ்சின் ஓடும்போது பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டு. ஷாக் அடிக்கும், துணி சுற்றிக்கொள். எதைப் பிடுங்கும்போது சத்தம் அடங்குகிறதோ அந்தச் சிலிண்டரில்தான் நோய். அடுத்தது, ஒரு ராத்திரி முழுக்க எஞ்சினைத் தொடாமல் நிறுத்திவை. நன்றாகக் குளிர்ந்த பிறகு காலையில் ஸ்டார்ட் போட்டு என்ன கேட்கிறது என்று எழுது.

ஒரு வாரம் விடச் சொன்னால் விடேன், அண்ணா. பெரியவரைவிட அந்த ஒரு வாரச் சவாரி பெரிதா?

உன் தங்கை


டிசம்பர் 22

வாயாடிக்கு,

அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

வயர் சோதனை செய்தேன். ஒன்று, இரண்டு, ஒன்றும் மாறவில்லை. மூன்றாவதைப் பிடுங்கினேன். யாரோ வாயைப் பொத்தியது போலச் சத்தம் அடங்கிவிட்டது. திரும்ப மாட்டினால் திரும்பத் தட்டுகிறது. ஸ்டாண்டில் இருந்தவர்கள் கூட்டம் கூடிவிட்டார்கள். "உனக்கு யாருப்பா இதெல்லாம் சொல்லித் தர்றது?" என்றார் ஒருவர். "எங்க வீட்ல ஒரு டாக்டர் இருக்கா, வாயத் திறக்க மாட்டா" என்றேன்.

எஞ்சின் நின்றபடி ஓடுவது ஏன் என்று கேட்டாய். சவாரிக்குக் காத்திருக்கும்போது ஹீட்டர் வேண்டும். எஞ்சினை அணைத்தால் ஹீட்டரும் போய்விடும், கால் விறைத்துப்போகும். இந்தக் குளிர் உனக்குத் தெரியாது.

இரண்டாவது சோதனை, ராத்திரி முழுக்க நிறுத்திவைக்கச் சொன்னாய். அது மட்டும் முடியவில்லை.

தலைவலி அப்படியேதான் இருக்கிறது. நேற்றுக் காலை வாந்தியும் வந்தது. சாப்பிட்டது சரியில்லை போல. அம்மாவிடம் சொல்லாதே.

அண்ணன்


ஜனவரி 4

அண்ணா,

நேற்று பெட்ரோல் பங்குக்குப் போன் செய்தது நான்தான். அங்கே உனக்குச் சொல்லியிருப்பார்கள். சரியாகச் சொன்னார்களோ இல்லையோ, நானே எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கான பகுதி என்று நீ இந்த முறை பிரித்து எழுதவில்லை. நானாகத் தாண்டித் தாண்டிப் படித்தேன். 'அது மட்டும் முடியவில்லை' என்ற இடத்தில் என்னை அறியாமல் நின்றுவிட்டேன். "ஏன்டி நின்னுட்ட?" என்றார் அம்மா. "கையெழுத்து புரியல" என்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பட்டறைக்கு நம் காரைப் போலவே ஒரு கார் வந்தது. அதன் பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தவள் முழம் போட்டுப் பார்த்தேன். அகலம் மூன்று முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. உயரம் ஒரு முழம்.

அத்தை அப்போது வெளியே போயிருந்தார். நான் போனை எடுத்தேன். நான் போனில் பேசியதே இல்லை என்று உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் பங்க்காரர், "அலோ, யாரு?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. "யாரும்மா? மூச்சு விடற சத்தம் கேக்குது. பேசும்மா, பெட்ரோல் விலை கேக்கவா போன் போட்ட?" என்றார். நான் காரின் பெயரைச் சொன்னேன். "ஓ, பெரியவரா? நீ அவன் தங்கச்சியா? அந்த டாக்டரா?" என்றார்.

"ராத்திரி எஞ்சின ஓட விட வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க. கண்ணாடிய எறக்கி வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

அவர் அந்தப் பக்கம் யாரிடமோ "கொஞ்சம் இரு" என்றார். பிறகு, "நானும் அதத்தாம்மா சொல்றேன். ஆபீஸ் ரூம்ல வந்து படுடான்னாலும் கேக்க மாட்டேங்கிறான். ரோஷக்காரன்" என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

அண்ணா, நான் உன்னை ஒன்றும் கேட்கப் போவதில்லை. எஞ்சினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் பிஸ்டன் என்று சொன்னது தப்பு. காலை முதல் ஸ்டார்ட் என்றால் குளிர்ந்த எஞ்சின் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நீ குளிர்ந்தது என்று ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. திரும்ப எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். ஹீட்டருக்காக ராத்திரியில் விட்டு விட்டு ஓடிய எஞ்சின் காலையில் சூடாகத்தான் இருந்திருக்கும். ஓடினால் குறைந்தது போலக் கேட்டது, ரோட்டுச் சத்தத்தில் அது அமுங்கியதால். சூட்டில் தட்டினால் பேரிங். மூன்றாவது சிலிண்டரின் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் இப்போது அவசரம் அது இல்லை. காலையில் வரும் தலைவலியும், வெளியே நடந்தால் அது விடுவதும், வாந்தியும் குளிரால் வந்தவை அல்ல. எஞ்சினோடு சைலன்சர் குழாய் சேரும் இடத்தில் புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் போயிருக்க வேண்டும். கசிகிற புகையிலுள்ள விஷவாயு ஹீட்டர் வழியாக உள்ளே வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிய காருக்குள் தூங்கினவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள்.

குளிர்ந்தால் குளிரட்டும். எஞ்சினை அணைத்துவிட்டு ஆபீஸ் ரூமில் போய்ப் படு.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வரியாவது எழுது. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

தங்கை


ஜனவரி 9

வாயாடி,

எஞ்சினை அணைத்துவிட்டேன். தலைவலி நின்றுவிட்டது.

முதல் மாதம் ரூம் இருந்தது. அது பொய் இல்லை.

அம்மாவிடம் சொல்லாதே. அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லாதே.


ஜனவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். "என்னடி, பேய் பிடிச்சிருக்கா?" என்றார் அம்மா.

நீ சொன்னபடி ரூம் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அத்தையிடம் வேறொன்று கேட்டேன். நானே, என் வாயால். அத்தை, பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டு ஒன்றை அளந்துகொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, அத்தை நிமிராமலே, "நிழல் விழுது, தள்ளு" என்றார். அப்போதுதான் பேச்சு வந்தது.

"அண்ணன் வண்டியில மூணாவது பேரிங் போயிருச்சு. ஓட்டிட்டு வந்தா வழியிலயே உடைஞ்சிரும். நம்ம லாரி அந்த ஊருக்குப் பழைய எஞ்சின் எடுக்கப் போகுதுல்ல, அதுல ஏத்திட்டு வரலாமா?"

அத்தை அளவுகோலைக் கீழே வைத்தார். "என்னடி இது, உனக்கு வாய் இருக்கா! இத்தன நாளா எங்க வச்சிருந்த?" என்றார். பிறகு, "மூணாவதுன்னு எப்படிச் சொல்ற?" என்றார். வயர் சோதனையைச் சொன்னேன். பிளக்கைக் காட்டினேன். அத்தை பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காகிதத்தை மோந்து பார்த்தார். அத்தை எத்தனை வருஷமாக எஞ்சின் பார்க்கிறவர் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கண்டுபிடித்ததை அவரும் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்து, பிளக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

"லாரி போற வழியில காலியாத்தான் போகுது, வரும்போதும் இடம் இருக்கும்" என்றார் கடைசியில். "ஆனா காரு மட்டும் தனியா வரக் கூடாது. நோயாளிய யாராவது தனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்களா? கூட ஆள் வரணும். வரலைன்னா ஏத்த வேணாம்னு டிரைவர்கிட்ட சொல்லிருவேன்."

அவ்வளவுதான் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை.

வீட்டில், அம்மா பெட்டியில் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்து மடித்து வைத்துவிட்டார். "ஊருக்குப் போகலையாம்மா?" என்றேன். "வர்றவங்களுக்குத் துணி வைக்கப் பெட்டி வேணும்ல" என்றார். நான் அம்மாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அண்ணா. நம்பு.

அடுத்த மாத முதல் வாரம் லாரி பங்குக்கு வரும். நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் திரும்பி வருவேன் என்று சொன்னாய். இது திரும்பி வருவது இல்லை. வண்டியை ரிப்பேருக்குக் கொண்டுவருவது. ரிப்பேருக்கு எல்லோரும்தான் வருகிறார்கள்.

பதில் எழுத வேண்டாம். ஏறி வா.

உன் தங்கை


பிப்ரவரி 23

பக்கத்து அறையில் தூங்குகிற அண்ணாவுக்கு,

நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை. சுவர் தாண்டிக் குறட்டை கேட்கிறது. அந்த ரூமில் குறட்டை விட்டவன் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. நீ வந்து இத்தனை நாள் ஆகிறது, நேரில் உன்னிடம் ஒன்றும் பேச முடியவில்லை. நீயும் "ஸ்பேனர் எங்க?", "டீ ஆச்சா?" என்பதற்கு மேல் பேசவில்லை. தபாலில் நாம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

எஞ்சினைப் பிரித்தபோது நீ பட்டறைக்கு வரவில்லை. உனக்குப் பார்க்க மனம் இல்லை என்று அத்தை சொன்னார். அதனால் சொல்கிறேன். அடி ஆயில் தொட்டியைக் கழற்றினதும் அதில் மினுமினுவென்று உலோகத்தூள் படிந்திருந்தது. மூன்றாவது பேரிங்கின் வெள்ளைப் பூச்சு முழுக்கப் போய், அடியிலிருக்கும் செம்பு தெரிந்தது. ஓரம் வெடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் மேடு ஏறியிருந்தால் ராடு எஞ்சினை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். கேஸ்கெட்டும் நான் நினைத்த இடத்திலேயே எரிந்துபோயிருந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. கழுவுகிற டீசல் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

கிராங்கைக் கடைந்து மெருகேற்றி, புதுப் பேரிங் போட்டாகிவிட்டது. மூன்றாவதை நானே மாட்டினேன்.

லாரியிலிருந்து வண்டியை இறக்கிய அன்று நீ அத்தையின் முகத்தைப் பார்க்காமல் நின்றாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து டயரைத் தடவினார். "டயரெல்லாம் தேஞ்சு போச்சேடா. அப்ப நான் சொன்னதுதான் தப்பாப் போச்சு" என்றார். ஞாபகம் இருக்கிறதா? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். டயர் தேயவே இல்லை, அண்ணா. நான்தான் அதைக் கழற்றிக் கழுவினேன். அது அத்தைக்கும் தெரியும்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வண்டி வந்த மறுநாள் அம்மா பட்டறைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். முன் சீட்டுக்கு அடியிலிருந்த உன் பல் துலக்கும் பிரஷ்ஷையும், சோப்பு டப்பாவையும், சுருட்டி வைத்த போர்வையையும் நான் முன்னாடியே எடுத்து மறைத்துவிட்டேன். அம்மா வண்டிக்குள் பார்க்கவே இல்லை. பின்பக்கம் போனார். பையிலிருந்து அந்த நீலத் திரையை எடுத்தார். பின் கண்ணாடியின் மேல் விரித்துப் பிடித்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது.

அம்மா அந்தத் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சாப்பாடு ஆறிடும், சாப்பிடு" என்றார்.

அன்று மத்தியானம் வீட்டில் தையல் மெஷின் ஓடியிருக்கிறது. நீ எழுந்ததும் உன் தலையணை உறையின் நிறத்தைப் பார். நீ வந்த மூன்றாம் நாளிலிருந்து அதன்மேல்தான் தூங்குகிறாய்.

நேற்றுச் சாயங்காலம் எஞ்சினைப் பூட்டி முடித்தோம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் மேலே ஏறுகிற வரைக்கும் கையாலேயே சுற்றினேன். எல்லோரும் ஸ்டார்ட் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கூடிவிட்டார்கள். அத்தை சாவியை நீட்டினார். நான், "இப்ப வேணாம், நாளைக்குக் காலைல" என்றேன். பட்டறையில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். என் காதுக்கே என் குரல் புதிதாக இருந்தது. அத்தை சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

வண்டியை நம் வீட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறோம். சாவி இந்தக் கடிதத்தின் மேல் இருக்கிறது. நீ எப்போது ஊருக்குத் திரும்புவாய், அம்மா உன்னோடு வருவாரா, அதெல்லாம் பிறகு பேசிக்கொள்வோம். எழுதியாவது பேசிக்கொள்வோம். இப்போது எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வெளியே வா. நான் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் இன்னொரு முனையைக் காதிலும் வைத்துக்கொண்டு மூன்றாவது சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்பேன்.

டிசம்பரில் நான் கேட்ட இரண்டாவது சோதனை பாக்கி இருக்கிறது. ராத்திரி முழுக்க யாரும் எஞ்சினைத் தொடவில்லை. இப்போதுதான் போய்க் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன், அண்ணா. ஜில்லென்று இருக்கிறது.

உன் தங்கை